பொய் சொல்லும் பெண் கதாநாயகியாக இருக்கலாமா?

கேள்வி: எங்கள் குடியிருப்பில் சனிக்கிழமை மாலைகளில் பிள்ளைகளுக்கு ஒரு வாசிப்பு வட்டம் நடத்துகிறேன். எல்லாரும் 12 முதல் 15 வயதுக்குள். இந்த முறை ஃபிலிப் புல்மனின் 'நார்தர்ன் லைட்ஸ்' நாவலைக் கொடுத்தேன். கதை பிடித்திருக்கிறது, ஆனால் லைராவைப் பற்றி ஒரே சண்டை. "வாயைத் திறந்தாலே பொய், இவளா ஹீரோயின்?" என்கிறான் ஒரு பையன். லைராவின் நண்பன் ராஜருக்கு நடந்ததைப் படித்து அழுத ஒரு பெண் லைராவை மன்னிக்கவே மாட்டேன் என்கிறாள். இன்னொருவன், விலங்கு வடிவில் அவள் கூடவே திரியும் பான்தான் நல்லவன், அவன் பேச்சை அவள் கேட்டிருக்க வேண்டும் என்கிறான். மூன்று பாகமும் படித்துவிட்ட ஒரு பத்தாம் வகுப்புப் பெண்ணுக்கோ, போகப்போக லைரா சாதுவாகிவிட்டாள் என்று வருத்தம். இதற்கிடையே ஒரு பிள்ளையின் அம்மா ஃபோன் செய்து, பொய் சொல்வதைப் பெருமையாகக் காட்டும் புத்தகத்தை ஏன் கொடுத்தீர்கள் என்று கேட்டார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. தவறான புத்தகத்தைத் தேர்ந்தெடுத்துவிட்டேனா? பிள்ளைகளுக்கு லைராவை எப்படி விளங்கவைப்பது? அடுத்து எதைக் கொடுப்பது?

பதில்: புத்தகத் தேர்வில் உங்கள் மீது எந்தத் தவறும் இல்லை, அந்தக் கவலையை இப்போதே விடுங்கள். ஒரு கதாபாத்திரத்துக்காகப் பிள்ளைகள் சண்டை போட்டு, அந்தச் சண்டையை வீட்டுக்கும் கொண்டுபோய், ஒரு அம்மா உங்களைக் கூப்பிடும் அளவுக்கு வந்திருக்கிறதென்றால் புத்தகம் உள்ளே போயிருக்கிறது. சிறுவர் நூலகத்தில் வேலை பார்க்கும் எங்களுக்கு அன்றாடம் கிடைப்பது "நல்லா இருந்துச்சு மிஸ்" மட்டும்தான். அதைச் சொல்லிவிட்டுப் புத்தகத்தை மேசையில் வைத்துவிட்டு ஓடிவிடுவார்கள், எந்த இடம் நல்லா இருந்தது என்று கேட்டால் முழிப்பார்கள். உங்கள் வட்டத்தில் ஒவ்வொரு பிள்ளைக்கும் சொந்தமாக ஒரு கருத்து இருக்கிறது, அதுவும் ஒன்றோடொன்று ஒத்துப்போகாத கருத்து.

ஆனால் "லைராவை எப்படி விளங்கவைப்பது" என்று கேட்டிருக்கிறீர்களே, அங்கே மட்டும் உங்களோடு உடன்பட முடியவில்லை. விளங்கவைக்க வேண்டாம். லைராவைப் பிடிக்காதவர்களுக்குப் பிடிக்கவைப்பது உங்கள் வேலை கிடையாது. பிடிக்கவில்லை என்று சொல்கிறவரை அந்தப் பக்கத்தைத் திறந்து காட்டச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். சொல்லப்போனால் அந்தப் பையன் சொல்வதைத்தான் ஆசிரியரே சொல்கிறார். நாவலின் தொடக்கத்திலேயே லைராவை முரட்டுத்தனமும் பேராசையும் கொண்ட ஒரு காட்டுப்பிள்ளை என்ற அளவில்தான் கதைசொல்லி அறிமுகம் செய்கிறார், பின்னால் ஓரிடத்தில் அவளுக்குக் கற்பனை வளம் அதிகம் இல்லை என்றுகூடச் சொல்லிவிடுகிறார். அவள் வளரும் ஆக்ஸ்ஃபோர்டின் ஜார்டன் கல்லூரிக் கூரைகளில் ஏறித் திரிவது, செங்கல் சூளைக்காரப் பிள்ளைகளோடு மண்ணுருண்டை எறிந்து சண்டை போடுவது, படகுகளிலேயே வாழும் ஜிப்ஷியன் குடும்பம் ஒன்றின் படகைத் தூக்கிக்கொண்டு போவது என்று அவளுடைய 11 வயது வாழ்க்கை முழுக்க அடாவடிதான். கல்லூரிக்குச் சொந்தக்காரி மாதிரி ஒரு மிதப்பும் உண்டு. ஆசிரியர் இதில் எதையும் மூடி மறைக்கவில்லை. அதனால் அந்தப் பையன் புத்தகத்துக்கு எதிராகப் பேசுகிறான் என்று நினைக்காதீர்கள், அவன் புத்தகத்தைச் சரியாகத்தான் படித்திருக்கிறான்.

அந்த அம்மா கேட்டதற்கு வருகிறேன். அவரைச் சட்டென்று தள்ளிவிடாதீர்கள், அவர் சொல்வதில் பாதி உண்மை. லைராவின் பொய்கள் நாவலில் வேலை செய்கின்றன. கடத்தப்பட்ட பிள்ளைகளை அடைத்துவைத்திருக்கும் போல்வாங்கரில் லிஸ்ஸி என்று பொய்ப்பெயர் சொல்லித்தான் தப்பிக்கிறாள். கரடிகளின் நாடான ஸ்வால்பார்டில் அரசன் யோஃபரிடம் போய், நான் உங்களால் அரியணை இழந்த கரடி ஐயோரெக்கின் டீமன் (விலங்கு வடிவில் கூடவே திரியும் ஆன்மா), நீங்கள் அவனை ஒற்றைக்கு ஒற்றை சண்டையில் வென்றால் உங்களுடைய டீமன் ஆகிவிடுவேன் என்று ஒரு முழுப் புளுகை அவிழ்த்து விடுகிறாள். தனக்கு ஒரு டீமன் வேண்டும் என்று ஏங்கிக் கிடக்கும் யோஃபர் அதை நம்பித் தொலைக்கிறான், அதனால் ஐயோரெக்குக்கு அரியணை திரும்பக் கிடைக்கிறது. அதற்குப் பரிசாக லைராவுக்கு வெள்ளி நாக்குக்காரி என்ற பட்டமும் கிடைக்கிறது. இதைப் படிக்கிற பிள்ளை கைதட்டத்தான் செய்யும், ஆசிரியரும் கைதட்டலுக்காகத்தான் எழுதியிருக்கிறார். இல்லை, இந்தப் புத்தகம் பொய்யைக் கண்டிக்கிறது என்று நீங்கள் வாதாடினால் அது உண்மையாக இருக்காது, அந்த அம்மாவும் நம்ப மாட்டார்.

அவரிடம் நீங்கள் சொல்லவேண்டிய விஷயம் வேறு. லைரா செய்த மிகக் கொடுமையான காரியம் எது? ராஜர் செத்துப்போனது. அது எந்தப் பொய்யால் நடந்தது என்று தேடிப் பாருங்கள், கிடைக்காது. கடத்தப்பட்ட நண்பனைத் தேடி வடதுருவப் பகுதி வரை போகிறாள், கொடுத்த வாக்கைக் காப்பாற்றுகிறாள், அவனை மீட்டும் விடுகிறாள். அப்புறம் உண்மையைச் சொல்லும் கருவியான அலெத்தியோமீட்டர் தன் அப்பாவுக்குத் தேவைப்படும் என்று முழு மனசோடு நம்பி, அதை அவரிடம் சேர்க்கப் போகிறாள், ராஜரும் கூடவே வருகிறான். அவளுடைய அப்பா லார்டு அஸ்ரியல் லைராவைப் பார்த்து நடுங்கிப்போகிறார், பின்னால் நிற்கும் ராஜரைப் பார்த்ததும்தான் அவருக்கு மூச்சு வருகிறது. அவருக்கு வேண்டியது கருவி இல்லை, தன் சோதனைக்குப் பலியிட ஒரு குழந்தை. அதைத் தன் கையாலேயே கூட்டிக்கொண்டு வந்து கொடுத்திருக்கிறாள் லைரா. விசுவாசமாகவும் நேர்மையாகவும் துணிச்சலாகவும் நடந்துகொண்ட நேரத்தில்தான் அந்தப் பையனைச் சாவுக்கு அழைத்துப்போகிறாள்.

என்னைக் கேட்டால் லைராவின் குறை பொய் இல்லை. தெரியாத ஒன்றைத் தனக்குத் தெரியும் என்று நினைத்துக்கொண்டு பாய்வதுதான் அவளுடைய குறை. அப்பா நல்லவர் என்று அவளாகவே முடிவு செய்துகொள்கிறாள், அம்மா கெட்டவள், அதனால் அம்மாவுக்கு எதிரானவர் எல்லாரும் தன் பக்கம் என்று ஒரு கணக்கு போட்டுக்கொள்கிறாள். அதே கணக்குதான் ஆரம்பத்தில் தன் அம்மா என்று தெரியாமலேயே மிசஸ் கோல்ட்டரின் அழகிலும் வாசனையிலும் மயங்கி லண்டனுக்குப் போகவைத்தது. உண்மையைச் சொல்லும் கருவியைப் படிக்கத் தெரிந்த ஒரே பிள்ளை, அதனிடம் கேட்கவேண்டிய ஒரு கேள்வியைக் கேட்காமல் விட்டுவிடுகிறாள். உங்கள் பிள்ளைகள் இவ்வளவு நேரமும் பொய்யைப் பற்றியே சண்டை போட்டிருக்கிறார்கள் இல்லையா, ராஜர் விஷயத்தில் லைரா சொன்ன பொய் எது என்று மட்டும் அடுத்த சனிக்கிழமை கேட்டுப் பாருங்கள். கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா இருங்கள், நீங்களே பதிலை எடுத்துக் கொடுத்துவிடாதீர்கள்.

கூடவே இரண்டாம் அத்தியாயத்தின் கடைசிப் பகுதியைச் சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள். கல்லூரித் தலைவர் நூலகரிடம் பேசும் இடம். லைரா ஒரு துரோகத்தில் பங்கெடுப்பாள், துரோகம் செய்பவளே அவளாகத்தான் இருப்பாள், ஆனால் அது அவளுக்குத் தெரியாமல் நடக்க வேண்டும், அவளுக்குத் தாங்கமுடியாத அனுபவமாக இருக்கும் என்று அவர் சொல்கிறார். முதல் முறை படிக்கும்போது யாரும் இதில் நிற்க மாட்டார்கள், அலமாரிக்குள் ஒளிந்தது, மதுவில் விஷம் கலந்தது என்று கதை சூடு பிடித்திருக்கும் நேரம் அது. முடிவு தெரிந்த பிறகு திரும்ப வாசித்தால் அறையே அமைதியாகிவிடும். "தெரியாமல் செய்தது துரோகம் ஆகுமா?" என்று யாராவது ஒரு பிள்ளை கேட்டே தீரும், கேட்காவிட்டால் நீங்கள் கேளுங்கள். மன்னிக்க மாட்டேன் என்று சொன்ன பெண்ணுக்கு இந்த இடத்தில் நிறைய பேச இருக்கும்.

அந்தப் பெண்ணைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் நீங்கள் எழுதியதிலேயே எனக்கு ரொம்பப் பிடித்த வாசகி அவள்தான். அவளிடம் போய் "லைரா பாவம், அவளுக்குத் தெரியாதே" என்று சமாதானம் சொல்லாதீர்கள். லைராவே தன்னை மன்னித்துக்கொள்ளவில்லை. மூன்றாம் பாகமான 'தி ஆம்பர் ஸ்பைகிளாஸ்' வரைக்கும் ராஜர் அவள் கனவில் வந்துகொண்டிருக்கிறான், அவனிடம் மன்னிப்புக் கேட்பதற்காக மட்டுமே செத்தவர்களின் உலகத்துக்குப் போவது என்று முடிவெடுக்கிறாள். அங்கே போக வேண்டுமென்றால் பானைக் கரையில் விட்டுவிட்டுப் படகேற வேண்டும், தன் உயிரில் பாதியைத் தானே விட்டுவிட்டுப் போகிற மாதிரி. அந்தப் பக்கங்களை அந்தப் பெண் படிக்கும் வரை அவள் கோபம் அப்படியே இருக்கட்டும். இதையெல்லாம் உங்களுக்குத்தான் சொல்கிறேன், அவளிடம் இப்போதே சொல்லிக் கதையைக் கெடுத்துவிடாதீர்கள், மூன்றாம் பாகத்தைக் கையில் கொடுங்கள் போதும்.

அந்த அம்மாவின் கேள்விக்கும் அதே உலகத்தில்தான் நேரான பதில் இருக்கிறது. வாசலைக் காக்கும், பெண்முகம் கொண்ட பறவைகளான ஹார்பிகளிடம் லைரா வழக்கம்போல ஒரு கட்டுக்கதையை எடுத்துவிடுகிறாள், அதுவரை யாரிடமும் தோற்காத அந்தத் திறமை அங்கே செல்லாது, பொய்க்காரி என்று கத்திக்கொண்டு அவள்மேல் பாய்கின்றன. பிறகு ஆக்ஸ்ஃபோர்டின் களிமண் குழிகளில் விளையாடியதைப் பற்றி, தான் நிஜமாகவே பார்த்ததை, முகர்ந்ததை, செத்துப்போன பிள்ளைகளுக்கு அவள் சொல்கிறாள். ஹார்பிகளும் சத்தமில்லாமல் வந்து உட்கார்ந்து கேட்கின்றன. முதல் பாகம் வந்தது 1995இல், இந்தக் காட்சி வந்தது 2000இல். அந்த நாளில் வாங்கிப் படித்த பிள்ளைகள் இதற்காக ஐந்து வருஷம் காத்திருந்திருக்கிறார்கள். ஒரு பாகத்தோடு நிறுத்திவிட்டால் பொய்க்குப் பட்டம் கிடைத்ததோடு கணக்கு முடிந்துவிட்டது போல யாருக்கும் தோன்றலாம். அந்த அம்மாவையும் ஒரு சனிக்கிழமை வந்து உட்காரச் சொல்லுங்களேன்.

முதல் பாகத்திலேயே ஒன்று இருக்கிறது, அவசரமாகப் படிக்கிறவர்கள் விட்டுவிடுவார்கள். கல்லூரியின் நிலவறையில் அந்தக் கால அறிஞர்களின் மண்டையோடுகள் இருக்கின்றன, ஒவ்வொன்றுக்குள்ளும் அவரவர் டீமனின் உருவம் பொறித்த வில்லை ஒன்று. லைரா விளையாட்டாக அவற்றை மாற்றி மாற்றிப் போட்டுவிடுகிறாள். பான் பதறுகிறான். அன்று இரவு தலையில்லாத உருவங்கள் வந்து நிற்க, மறுநாள் ஓடிப்போய் எல்லாவற்றையும் சரியான இடத்தில் வைத்து மன்னிப்புக் கேட்கிறாள். அங்கிருந்து நாவலின் நடுப்பகுதிக்கு வாருங்கள். டீமனை வெட்டிப் பிரித்துவிட்டதால், ஒரு காய்ந்த மீனை மார்போடு அணைத்துக்கொண்டு கிடந்த டோனி என்ற பையன் செத்துப்போகிறான், அந்த மீனையும் யாரோ எடுத்துவிட்டார்கள் என்று தெரிந்ததும் பெரிய ஆண்களை எதிர்த்து லைரா ஆத்திரத்தில் கத்துகிறாள். பிறகு ஒரு பொற்காசைக் கேட்டு வாங்கி, அதில் அவனுடைய டீமனின் பெயரைக் கத்தியால் கீறி, அவன் வாயில் வைக்கிறாள். விளையாட்டுக்குக் கலைத்துப்போட்ட அதே வழக்கத்தை, பெற்றவர்கள் பக்கத்தில் இல்லாத ஒரு பையனுக்காக இப்போது தன் கையால் செய்கிறாள். அந்த இரண்டு இடங்களையும் அடுத்தடுத்து வாசித்தால் இவள் எப்படி மாறியிருக்கிறாள் என்பதை நீங்கள் எடுத்துச் சொல்ல வேண்டியிருக்காது.

பான்தான் நல்லவன் என்ற பையனுக்கு ஒரே ஒரு கேள்வி: பான் யார்? டீமன் என்பது அந்த உலகத்தில் உடம்புக்கு வெளியே விலங்கு வடிவத்தில் திரியும் மனிதரின் ஆன்மா. பான் பயப்படுகிறான், எச்சரிக்கிறான், வேண்டாம் என்கிறான் என்றால் அந்தப் பயமும் எச்சரிக்கையும் லைராவுடையதுதான். தனக்குள்ளேயே ஒரு குரல் வேண்டாம் என்று சொல்லியும் செய்கிறாள், நாம் எல்லாரும் செய்கிறோம். குழந்தைகளின் டீமன் நினைத்தபோது உருமாறும், வளர்ந்தபின் ஒரே உருவத்தில் நிலைத்துவிடும் என்பதையும் அவனுக்கு ஞாபகப்படுத்துங்கள். இன்னும் நிலைத்த உருவம் வராத ஒருத்தியைப் பற்றி நல்லவள், கெட்டவள் என்று இப்போதே முடிவு கட்டலாமா என்ற கேள்வி அவன் வயசுக்கு மிகவும் பொருந்தும்.

பத்தாம் வகுப்புப் பெண்ணின் வருத்தம் எனக்கும் உண்டு. இரண்டாம் பாகமான 'தி சட்டில் நைஃப்' நாவலில் லைரா, தன்னோடு சேர்ந்துகொண்ட வில் என்ற பையனின் அப்பாவைத் தேடுவதில்தான் கவனம் வைக்க வேண்டும் என்று கருவி சொல்லியும் கேட்காமல் தன் ஆர்வத்துக்கு மேரி மலோன் என்ற விஞ்ஞானியைத் தேடிப்போகிறாள். அது எங்கெங்கோ சுற்றி அலெத்தியோமீட்டரையே பறிகொடுக்கும் நிலைக்குக் கொண்டுவந்துவிடுகிறது. அதற்குப் பிறகு வில் சொன்னால் மட்டுமே அதைப் படிப்பேன் என்று தன்னையே ஒடுக்கிக்கொள்கிறாள். மூன்றாம் பாகத்தின் தொடக்கத்திலோ ஒரு குகையில் அம்மா கொடுத்த மருந்தில் நினைவில்லாமல் கிடக்கிறாள். முதல் பாகம் முழுக்க ஓடிக்கொண்டிருந்தவளை இப்படிப் பார்ப்பது பலருக்கு ஏமாற்றம்தான், உலகம் முழுக்க வாசகர்கள் இதைச் சொல்லியிருக்கிறார்கள். குற்ற உணர்ச்சி ஒருத்தியை இப்படி அடக்கிவிடும் என்பதை நான் நம்புகிறேன், ஆனால் அந்த அடக்கத்தைக் காட்டுவதற்கு ஆசிரியர் பொறுப்பை ஒரு பையன் கையில் கொடுத்தது இன்றைக்கும் எனக்கு ஒட்டவில்லை. அந்தப் பெண் சொல்வது லைராமேல் வைத்த குறை கிடையாது, எழுத்தின்மேல் வைத்த குறை. இந்த வித்தியாசம் மற்ற பிள்ளைகளுக்கும் புரிந்துவிட்டால் உங்கள் வட்டம் எங்கேயோ போய்விடும். இவளைப் பிடிக்கவில்லை என்பது ஒன்று, இவளை ஆசிரியர் சரியாக எழுதவில்லை என்பது வேறொன்று. மிசஸ் கோல்ட்டரை யாருக்கும் பிடிக்காது, ஆனால் அவள் வருகிற பக்கங்களில் யாராவது புத்தகத்தை மூடினார்களா என்று கேளுங்கள்.

ஒன்றைக் கவனித்தீர்களா, எனக்குத் தெரியவில்லை. லைரா செய்வதையெல்லாம் ஒரு பையன் செய்திருந்தால் இத்தனை பேர் பேசியிருப்பார்களா? கூரை ஏறுவது, சண்டை போடுவது, வாயால் ஏய்த்துத் தப்பிப்பது எல்லாம் சாகசக் கதைப் பையன்களிடம் நாம் ரசித்துப் பழகியவைதான். எங்கள் நூலகத்துக்கு வரும் பிள்ளைகளிடமும் இதைப் பார்க்கிறேன், பையன் செய்தால் சேட்டை, பெண் செய்தால் திமிர். இதை நீங்கள் குற்றச்சாட்டாக வைத்தால் பையன்கள் வாயை மூடிக்கொள்வார்கள். பெயரை மட்டும் மாற்றி, ஒரு பக்கத்தைப் பையனின் கதையாக வாசித்துப் பார்க்கச் சொல்லுங்கள், போதும்.

வேறு பெற்றோர்களும் பேசக்கூடும் என்பதால் ஒரு தகவல். இந்த நாவல் பிரிட்டனில் சிறுவர் நூல்களுக்கான கார்னகி பதக்கம் வாங்கியது, 2007இல் அந்தப் பதக்கத்தின் 70 ஆண்டு வரலாற்றில் சிறந்த புத்தகம் எது என்று வாசகர்களிடம் வாக்கெடுத்தபோதும் இதுவே வந்தது. அதே 2007இலும் அடுத்த ஆண்டும், நூலகங்களிலிருந்து நீக்கச் சொல்லி அதிகம் புகார் வந்த நூல்களின் அமெரிக்கப் பட்டியலிலும் இது இடம்பெற்றது. அந்தப் புகார்களுக்குக் காரணம் லைராவின் பொய்கள் கிடையாது, திருச்சபை அதிகாரத்தை இந்தத் தொடர் தாக்குகிறது என்பதுதான். தொடரின் போக்கில், முக்கியமாக மூன்றாம் பாகத்தில், அது வெளிப்படையாகவே இருக்கிறது. உங்கள் வட்டத்தில் கிறிஸ்தவக் குடும்பத்துப் பிள்ளைகள் இருந்தால் அவர்களுடைய பெற்றோரிடம் முன்னாலேயே பேசிவிடுங்கள், பிறகு தெரியவந்தால் ஏமாற்றிவிட்டீர்கள் என்று நினைப்பார்கள். வேண்டாம் என்று ஒருவர் சொன்னால் அவருடைய பிள்ளைக்கு வேறு புத்தகம் கொடுங்கள், மற்ற பிள்ளைகள் கையிலிருந்து பிடுங்கவேண்டாம்.

மூன்றையும் முடித்துவிட்டு 'தி சீக்ரெட் காமன்வெல்த்' கேட்டு வருவார்கள், 2019இல் வந்தது. அதை இப்போது கொடுக்காதீர்கள். அதில் லைராவுக்கு 20 வயது, பானோடு பேச்சே சரியில்லாமல் இருக்கிறாள், ரயிலில் சிப்பாய்கள் அவளைத் தாக்கும் காட்சி பெரியவர்களுக்கே கனமானது. கல்லூரி வயசில் தாங்களாகவே தேடிப் படிக்கட்டும்.

அடுத்ததற்கு உர்சுலா லெ குவினின் 'த டூம்ஸ் ஆஃப் அட்டுவான்' எடுங்கள். 1971இல் வந்த சின்னப் புத்தகம். டெனார் என்ற சிறுமியைப் பெற்றோரிடமிருந்து பிரித்துக்கொண்டுபோய், இருட்டுக் கோயிலின் தலைமைப் பூசாரியாக வளர்க்கிறார்கள். லைரா அளவுக்கு வாயாடி இல்லை, ஆனால் மூன்று கைதிகளைச் சோறு தண்ணீர் இல்லாமல் சாகவிடச் சொல்லி அவள் வாயாலேயே ஆணையிடுகிறாள், பிறகு கெட்ட கனவுகளில் தவிக்கிறாள். மெதுவாகப் போகிற கதை, நாயகனாக வரும் மந்திரவாதி எட்டிப்பார்க்கவே பாதிப் புத்தகம் ஆகிவிடும், முதல் சில அத்தியாயங்களில் முனகுவார்கள், சேர்ந்து வாசித்தால் தாண்டிவிடலாம். அவளை ஒரு ஆண் வந்து காப்பாற்றத்தான் வேண்டுமா என்ற சண்டையும் நிச்சயம் வரும். அந்த டெனாரை நடுவயதுப் பெண்ணாக வைத்து லெ குவின் 1990இல் 'டெஹானு' எழுதினார், அது பெரியவர்களுக்கான கனம் கொண்டது, நீங்கள் மட்டும் படித்து வைத்துக்கொள்ளுங்கள். 'அட்டுவான்' பிரதி ஒன்றை முதலில் அந்தப் பத்தாம் வகுப்புப் பெண்ணிடம் கொடுத்துவிடுங்கள், அந்தக் கூட்டத்தை அவளே நடத்தட்டும்.